ஹேர் டிரையர் உலை

இரும்புக்கு ராசி கிடையாது, நட்சத்திரம் கிடையாது, திருஷ்டி கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் கார்பன் மட்டும்தான். இந்த உண்மையைக் கண்டுகொண்ட ஒரே மனிதன் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் தான்தான் என்பது இளம்பரிதியின் முடிவு.

முடிவு மட்டுமல்ல, வாட்ஸ்அப்பில் பெயருக்குக் கீழே போட்டிருந்த வாசகமும் அதுதான்.

வாரநாட்களில் தருமபுரியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கத்தி அடிப்பான். லாரியில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைதான் இரும்பு. தண்டவாளத் துண்டுதான் பட்டறைக்கல். உலைக்குக் காற்று ஊதுவது மனைவி எழிலரசியின் ஹேர் டிரையர்.

அந்த எழிலரசிதான் இப்போது கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ஏரியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

"ஹேர் டிரையரக் குடுங்க. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உலைக்குள் கத்தி சிவந்துகொண்டிருந்தது. இப்போது காற்றை நிறுத்தினால் எல்லாம் வீண்.

"அஞ்சு நிமிஷம்" என்றான் இளம்பரிதி.

அவள் வந்தால் என்ன பேசுவது என்று நாற்பத்தோரு நாளும் ஒத்திகை பார்த்திருந்தான். அதில் எங்கேயும் நிமிஷக் கணக்கு இல்லை.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முதல் கத்தியில் ஆரம்பித்தது. அவளுடைய பிறந்தநாளுக்காக அடித்தது. கொடுக்கப் போன நேரத்தில் மாமியார் தீர்த்தம்மாள் குறுக்கே வந்தார்.

"கைல குடுக்காதீங்க மாப்ள, ஒறவு அறுந்துரும். கீழ வையிங்க, அவளே எடுத்துக்குவா."

இளம்பரிதி அங்கேயே கால்மணி நேரம் வகுப்பெடுத்தான். கத்திக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் இடையில் எந்த விசை வேலை செய்கிறது என்று கேட்டான். மாமியார் முறுக்கு எடுத்துவைக்க உள்ளே போய்விட்டார். அவன் கத்தியை எழிலரசியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கி, செல்ஃபியும் எடுத்தான்.

ஒன்பதாம் நாள் காலை, ஈரத் தலையோடு ஆபீசுக்குக் கிளம்பியவள் ஹேர் டிரையரைக் காணாமல் தேடி, கொட்டகையில் கண்டுபிடித்தாள். அதன் வாய் உருகியிருந்தது.

அவள் எதிர்பார்த்தது ஒரு மன்னிப்பு. அவன் சொன்னது அது எத்தனை வாட், எவ்வளவு காற்று தள்ளும் என்ற விவரம்.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கத்தியைக் கையில் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த முதல் கத்தியை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டான். சமையல்கட்டில் இடம் போதவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கென்று மூன்று கத்திகள் அடித்துவிட்டான். மூன்றையும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கியபோது உள்ளிருந்து மெல்லிதாக ஒரு 'டிங்' கேட்டது. கேட்டால் விரிசல் என்று அர்த்தம். இது நான்காவது. இதுவும் போனால், போகாதே என்று சொல்வதற்குக் கையில் வேறு எதுவும் இல்லை.

காந்தத்தைக் கத்தியருகே கொண்டுபோனான். ஒட்டவில்லை; போதுமான சூடேறிய இரும்பைக் காந்தம் இழுக்காது. பதம் வந்துவிட்டது.

எண்ணெய் இருந்த தூக்குவாளியின் மூடியைத் திறந்தான். எழிலரசி தூக்குவாளியைப் பார்த்தாள். அவள் சீரில் வந்தது. அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். ஆனால் கத்தி இடுக்கியில் இருந்தது. இனி யோசிக்க நேரமில்லை.

இறக்கினான்.

குப்பென்று புகை. கொட்டகை முழுக்க வடை சுட்ட வாசனை.

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எங்கோ ஒரு கோழி கத்தியது. எண்ணெய் கொதித்து அடங்கியது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

இளம்பரிதி மூச்சை விட்டான். பின்னால் அவளும் விட்டாள்.

கத்தியை எடுத்துத் துடைத்து ஆறவிட்டான். அரத்தை வைத்து இழுத்தான். வழுக்கிக்கொண்டு போனது; கத்தி நன்றாக இறுகியிருந்தது. ஆறிவிட்டதா என்று கத்தியைப் படுக்கையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

பிறகு உலைக்குழாயிலிருந்து ஹேர் டிரையரைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"தப்புதான் எழிலு" என்றான். வாட் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வெச்சி எந்தத் தலையக் காய வெக்கிறது? இங்கியே கெடக்கட்டும். எனக்கு வேற வாங்கிக் குடுங்க." அதைப் பழைய இடத்திலேயே வைத்தாள். "தூக்குவாளிக்குத் தனியாப் பேசிக்கலாம். வண்டில துணிப் பை ரெண்டு இருக்குது. வெயில்ல கெடக்குது, உள்ள எடுத்து வையிங்க."

இரண்டு பை. ஹேர் டிரையர் வாங்க வருகிறவள் இரண்டு பை துணியோடு வரமாட்டாள். இளம்பரிதிக்கு நாற்பத்தோரு நாளாக நெஞ்சின் மேல் கிடந்த தண்டவாளத்தை யாரோ தூக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"சரி, அந்தக் கத்தியக் குடுங்க. பாக்கலாம்." அவள் கையை நீட்டினாள்.

அவன் கை பாதிவரை வந்தது. அப்படியே நின்றது.

பிறகு குனிந்து, கத்தியைத் தண்டவாளத் துண்டின் மேல் மெதுவாக வைத்தான். கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எழிலரசி கத்தியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"சூடா இருக்குது" என்றான். "அதான்."

அவன் கன்னத்தில் கத்தி பதிந்து நீளமாகக் கிடந்த எண்ணெய்க் கோட்டைப் பார்த்துக்கொண்டே, அவள் அதை எடுத்துக்கொண்டாள்.