கண்ணகையின் மறதி

பழுகாமத்தில் கண்ணகையைப் போல மறதிக்காரி வேறு யாரும் இல்லை. பக்கத்து வளவு அன்னப்பூரணி இதைக் கிணற்றடிக்கு வரும் பெண்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

சொல்லாமல் என்ன செய்வது? விடிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அதே சத்தம்தான். அப்பா, உப்புச் சட்டியை எங்க வச்சன்? அப்பா, சிவலைப் பசு கண்டு போட்டது எந்த மாசம்? அப்பா, விதைநெல்லுக்கு எத்தனை சாக்கு ஒதுக்கினம்? எண்பத்திரண்டு வயது இளையதம்பியர் பொல்லை ஊன்றிக்கொண்டு, குசினிக்கும் மாட்டுப் பட்டிக்குமாக நடந்து நடந்து பதில் சொல்லுவார்.

"பெத்த தகப்பனை இந்த வயசில இப்படி ஓட்டுறாளே, இவளெல்லாம் ஒரு மகளா கா?" என்பாள் அன்னப்பூரணி.

அன்னப்பூரணி அப்படியில்லை. தன் அப்பா கந்தப்போடியைச் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்ப விடமாட்டாள். வெற்றிலையைச் சுருட்டிக் கையில் கொடுப்பாள். யாராவது வந்து சுகம் விசாரித்தால், அவர் வாயைத் திறக்குமுன் இவளே பதில் சொல்லிவிடுவாள். மனுசனுக்குக் களைப்பு வந்துவிடக் கூடாதே.

ஆனால் ஊர் போய் நின்றதென்னவோ இளையதம்பியரின் வாசலில்தான். விக்டோரியா மகாராணி செத்த வருசம் வயல் வட்டையில் யார் யார் எந்த நெல்லு விதைத்தார்கள் என்று வரம்பு வரம்பாகச் சொல்லுவார் அவர். காணிப் பிணக்கென்றால் வவுணதீவிலிருந்துகூடத் தோணியேறி வந்து கேட்டுப் போவார்கள்.

கந்தப்போடி அவரைவிட மூன்று மாதம் இளையவர். இரண்டு பேரும் ஒரே வட்டையில் உழுது விதைத்தவர்கள். கந்தப்போடிக்கோ காலையில் தின்ற பிட்டு மத்தியானம் நினைவில்லை.

வேலிக்கு அப்பால் தகப்பனும் மகளும் சிரித்தால், இங்கே அன்னப்பூரணியின் அடுப்பு புகைந்தது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவளுக்கு இப்படி ஒரு அப்பாவா? என்னதான் கொடுக்கிறாள் அந்த மனுசனுக்கு?

வல்லாரை என்று யாரோ சொன்னார்கள். வாய்க்கால் ஓரத்து வல்லாரை முழுவதும் அன்னப்பூரணியின் சட்டிக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதம் சம்பல், ஒரு மாதம் சொதி. கந்தப்போடி ஒரு குறையும் சொல்லாமல் தின்றார். தின்றுவிட்டு, இது என்ன கீரை என்று நாள் தவறாமல் கேட்டார்.

ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தவளை உற்றுப் பார்த்தார்.

"ஆரு புள்ள நீ?"

வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல, அவ்வளவு மரியாதையாக.

உங்கட மகள் அப்பா, அன்னப்பூரணி என்றாள். அவர் தலையாட்டினார். நல்ல புள்ள என்றார்.

அன்று பின்னேரமும் வேலிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்றைக்கு அந்த மருந்தின் பேரை வாங்காமல் திரும்புவதில்லை என்று அன்னப்பூரணி எழுந்தாள். அங்கே போய் நின்றதும் நேராய்க் கேட்க மனம் வரவில்லை. இளையதம்பியரும் அப்போதுதான் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று சண்டையில் தொடங்கினாள். இரவல் வாங்கின அரிதட்டைத் திருப்பித் தருகிற யோசனை இல்லையா, மறதிக்காரியிடம் கொடுத்தது தன் பிழைதான் என்றாள்.

கண்ணகை சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பொங்கலுக்கு அடுத்த நாள் புதன்கிழமை வாங்கினன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தந்திட்டன். நீங்க அதை வாங்கின கையோட சீதேவிப்பிள்ளைக்குக் குடுத்தீங்க அக்கா. அவட மகள்ட கலியாணத்துக்கு மா அரிக்க."

உண்மைதான். அன்னப்பூரணிக்கே இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வேலிப் படலை திறந்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு இளையதம்பியர் வந்தார். கண்ணகை சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"அப்பா, அக்காட அரிதட்டை நான் குடுத்தனா, இல்லையா? எனக்கு ஒண்டும் ஞாபகத்துக்கு வருகுதில்ல."

கிழவர் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு விரலை மடித்தார். பொங்கல், புதன், வெள்ளி எல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன. யாரிடம் போனது என்ற இடத்தில் பெயர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நெற்றி சுருங்கியது. உதடு வெறுமனே அசைந்தது.

பொறுக்க முடியாமல் அன்னப்பூரணி வாயைத் திறந்தாள். கண்ணகை அவள் கையை எட்டி இறுக்கிப் பிடித்தாள்.

பட்டியில் பசு இரண்டு தரம் கத்தி ஓய்ந்தது.

"சீதேவிப்பிள்ளை" என்றார் கிழவர். தான் இல்லாவிட்டால் இந்த வீடு ஒருநாளும் நடக்காது என்று மகளை ஏசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி உள்ளே போனார்.

அன்னப்பூரணி கையை விடுவித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே புள்ள. பின்ன என்னத்துக்கு இந்த வேசம்?"

கண்ணகை உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா கண்ணை மூடின வருசம், ஒருநாள் அப்பா என்னைப் பார்த்து 'ஆரு புள்ள நீ' எண்டு கேட்டார் அக்கா. அண்டைக்குப் புடிச்சதுதான் எனக்கு இந்த மறதி."