இன்னும் ரெண்டு கிளிக்

"இன்னும் ரெண்டு கிளிக் குறைச்சுப் பாருங்க, ரோண்டா."

"போன வாரம் குறைச்சேன் சார். படகுல போற மாதிரி ஆடுதுன்னு திங்கட்கிழமையே போன் பண்ணீங்க."

"அது நாலு கிளிக். நான் கேக்கறது ரெண்டு."

மெக்கானிக் ரோண்டா, லிஃப்டில் தூக்கி நிறுத்திய நீலக் காரின் சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்தாள். ஷாக் அப்சார்பரின் அடியில் சின்னத் திருகு ஒன்று இருந்தது. ஒவ்வொரு படிக்கும் 'கிளிக்' என்று சத்தம் வரும்; முப்பது கிளிக் வரை திருகலாம். ஒரு பக்கம் திருகினால் கார் மெத்தையாகிவிடும், மறுபக்கம் திருகினால் மரப்பெஞ்சு. காரின் சொந்தக்காரர் டைக்கெமாவுக்கு இரண்டும் சேர்ந்து வேண்டும். கையிலிருக்கும் காபி தளும்பக்கூடாது. ஸ்டீயரிங்கைத் தொட்டதும் கார் சொன்னபடி கேட்க வேண்டும். புது சஸ்பென்ஷனை மாட்டிக்கொண்டு போன பிறகு அவர் வருவது இது ஐந்தாவது சனிக்கிழமை.

அவரை விரட்டவும் முடியாது. 'உங்களுக்குத் திருப்தியாகும்வரை இலவசமாகச் சரிசெய்து தருவோம்' என்று தன் கடை வாசலில் எழுதி மாட்டியதே அவள்தான்.

மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு மகள் டெஸ்ஸாவின் சாஃப்ட்பால் ஆட்டம். மைதானம் அரை மணி நேர தூரம். இதற்கு முந்தைய நாலு ஆட்டங்களும் இந்தக் காருக்கு அடியில் நின்றே போய்விட்டன. "இன்னைக்கும் வரலைன்னா பரவால்லம்மா, இனிமே நான் கேக்க மாட்டேன்" என்று டெஸ்ஸா காலையில் சொல்லியிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சார், பன்னெண்டரைக்கு என் பொண்ணு ஆட்டம் இருக்கு."

"அப்ப சீக்கிரம் திருகுங்க."

திருகினாள். காரை இறக்கினாள். "நானும் கூட வரேன், ஓட்டிக் காட்டுங்க. எங்க உதைக்குதுன்னு நேர்ல பார்த்துடறேன்."

நெடுஞ்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது.

"இங்க எப்படி இருக்கு?"

"அருமை."

"இந்த வளைவுல?"

"அதுவும் அருமை."

"அப்புறம் என்னதான் சார் குறை?"

"பெல்டன் ரோடு வரட்டும். தினமும் ஆபீஸ் போறது அதுலதான்."

பெல்டன் ரோட்டில் கால் மைல் போவதற்குள் முன்சக்கரம் தொப்பென்று இறங்கி ஏறியது. ரோண்டாவின் பற்கள் ஒன்றோடொன்று இடித்தன. டைக்கெமாவின் காபி அவர் சட்டைக்கு வந்தது.

"பாத்தீங்களா? இதைத்தான் அஞ்சு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

"சார், இது குழியில்ல. இதுல மீன் வளக்கலாம்."

"ரோட்டைக் குறை சொல்லாதீங்க. பனி உருகினா மிச்சிகன்ல எந்த ரோடும் இப்படித்தான் இருக்கும். கார்தான் அனுசரிச்சுப் போகணும். அதுக்குத்தானே திருகு வெச்ச சஸ்பென்ஷன் வாங்கினேன்."

"முப்பது கிளிக்தான் இருக்கு. முந்நூறு இருந்தாலும் அந்தக் குழிக்குப் பத்தாது."

"ஒரு மெக்கானிக் இப்படிக் கையை விரிக்கலாமா? முன்னாடி ரெண்டு குறைச்சு, பின்னாடி ஒண்ணு கூட்டினா? திரும்பக் கடைக்குப் போய் ஒரு தடவை பார்த்துடுவோமே."

மணி பதினொன்று நாற்பது. கடைக்குப் போய் மறுபடி திருக ஆரம்பித்தால் இந்த ஆட்டமும் அவ்வளவுதான்.

"ஓரமா நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்.

"இந்தக் கார்ல நான் திருகறதுக்கு இனிமே எதுவும் இல்ல" என்றாள் ரோண்டா. குரலை உயர்த்தாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள். "அந்தக் குழியை மூடறது ஒண்ணுதான் வழி. கவுன்ட்டி நிர்வாகத்துல ரோடு புகாருக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. என் கடை முன்னாடி இருக்கற குழிக்காக மார்ச் மாசத்துலருந்து ஒம்போது தடவை கூப்பிட்டுட்டேன். மணி அடிக்குது, எடுக்கத்தான் ஆள் இல்ல. இன்னைக்கு எடுக்கற வரைக்கும் விடப்போறதில்ல. எடுத்தா நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க. தினமும் இதுல போறவரு சொன்னா கொஞ்சமாவது உறைக்கும்."

டைக்கெமா சட்டையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"சனிக்கிழமையும் அதுவுமா எதுக்கு அதெல்லாம்?"

"அஞ்சு சனிக்கிழமை எனக்குப் போச்சே சார். அவங்களுக்கு ஒண்ணு போனா என்ன?"

"இல்ல, விடுங்க." அவர் காரை மறுபடி கிளப்பினார். "யோசிச்சுப் பார்த்தா, இப்ப வெச்சிருக்கறதே சரியாத்தான் இருக்கு. எனக்குத் திருப்தி. நிஜமாவே திருப்தி. உங்களைக் கடையில விட்டுடறேன், ஆட்டத்துக்குக் கிளம்புங்க."

ஐந்து வாரமாக அவள் காத்திருந்த சொல். ஆனால் அதற்குள் அவள் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்துவிட்டிருந்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது. டைக்கெமாவின் சட்டைப்பையிலும் அடித்தது.

ரோண்டா இணைப்பைத் துண்டித்தாள். பையில் சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடி அடித்தது.

"அந்தக் குழி அடுத்த வருஷப் பட்டியல்ல இருக்குங்க" என்றார் கவுன்ட்டியின் சாலைப் பராமரிப்பு மேலாளர், பையைத் தொடாமலே.