கை மிஸ்

"அந்தக் கையை முறிச்சுப் போட்டாத்தான் என் மனசு ஆறும்," என்றாள் சயின்ஸ் டீச்சர். "மூஞ்சியக்கூடக் காட்டல. வெறும் கையைக் காட்டியே எல்லாரையும் மயக்கி வச்சிருக்கா!"

கணக்கு டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள். ஆசிரியர் அறையில் இந்தப் புலம்பல் தினமும் நடப்பதுதான். புதிதாக யாராவது கேட்டிருந்தால், எவளோ ஒருத்தி டீச்சரின் புருஷனை வளைத்துப் போட்டுவிட்டாள் என்றே நினைத்திருப்பார்கள்.

புருஷனை வளைத்திருந்தால்கூட டீச்சர் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். அந்த மனிதர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவள் பறிகொடுத்தது எட்டாம் வகுப்பை.

எல்லாம் கல்விச் சீர்திருத்தம் செய்த வேலை. ஆசிரியர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இணையத்தில் பாட வீடியோக்களை ஏற்றி, வகுப்புக்கு ஒரு பெரிய திரையும் மாட்டினார்கள். சயின்ஸ் வீடியோவில் வருவது ஒரு மேஜை, ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான். யார் என்று பேர்கூடப் போடவில்லை. பிள்ளைகளே 'கை மிஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கை மிஸ்ஸுக்கு இடது கைப் பழக்கம். அதைப் பார்த்து வகுப்பில் பாதிப் பேர் இடது கையால் எழுதப் போய், நோட்டெல்லாம் கோழி கிளறின மாதிரி கிடந்தது. கட்டை விரலுக்குக் கீழே அவளுக்கு ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. அதையும் விடாமல் பேனாவால் தங்கள் கையில் வரைந்துகொண்டு திரிந்தார்கள்.

நேற்று டீச்சர் தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, சுற்றித் தண்ணீர் ஊற்றினாள். கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பதற்குள் ஃபேன் காற்றில் அது அணைந்தது. ஃபேனை நிறுத்தினால் வியர்க்கிறது என்று ஒரே கூச்சல். தீக்குச்சிகள்தான் வீணாயின.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், கை மிஸ் வச்சா எரியும் மிஸ். அதையே போட்டுடுங்க," என்றது. கிண்டல் இல்லை, உதவி செய்கிற நினைப்பு. அதைக் கதவருகே நின்று கேட்டவர் தலைமை ஆசிரியர்.

இன்று கூப்பிட்டனுப்பியிருந்தார்.

அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, அதன் மேல் விண்ணப்பம். டீச்சர் போய் அவளுக்கு இடப் பக்கமாக உட்கார்ந்தாள். எழுத எழுத அவள் முழங்கை டீச்சரின் விலாவில் இடித்தது.

"மன்னிச்சுக்கோங்க," என்று பெண்மணி தள்ளி உட்கார்ந்தாள். தொண்டை கட்டி, குரல் தகரத்தை உரசின மாதிரி இருந்தது.

"பரவாயில்லீங்க. வேலை கேட்டா வந்திருக்கீங்க?"

"ஆமாங்க. சயின்ஸ்."

"நல்ல நேரம் பார்த்து வந்தீங்க போங்க! இங்க இருக்கிறவளையே துரத்தப் பார்க்கிறாங்க."

பிறகென்ன, கை மிஸ் புராணம் ஆரம்பமாயிற்று. "அவளுக்கென்னங்க? ஃபேன் இல்லாத ரூம்ல உக்காந்துக்கிட்டு, அணைஞ்சதையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, எரிஞ்சதை மட்டும் காட்டுறா. நானும் அப்படிக் காட்ட மாட்டேனா? அடுத்தவ பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு இந்நேரம் எங்கயோ ஜம்முனு உக்காந்திருப்பா. அவ நல்லா இருப்பாளா, சொல்லுங்க?"

பெண்மணி எழுதுவதை நிறுத்தினாள்.

"இருக்க மாட்டாங்க," என்றாள்.

டீச்சருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குள் உள்ளே மணி அடித்தது.

தலைமை ஆசிரியர் நல்லவர்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் மேஜை மேல் இருக்கும் குண்டூசிகளை அடுக்குவார். இப்போது அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர், மேலிடத்து முடிவு. அடுத்த பருவத்திலேருந்து சயின்ஸுக்குத் திரையே போதும்னுட்டாங்க. அது லீவு கேக்காது, அதுக்குத் தொண்டை கட்டாது."

"பசங்களுக்குச் சந்தேகம் வந்தா சார்?"

"திருப்பிப் போட்டுக்கலாம்."

டீச்சர் வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். வீட்டில் போய் என்ன சொல்வது என்று நினைத்ததுமே அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

பெண்மணி கைப்பையிலிருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி, பழக்க தோஷத்தில் இடது கையால் நீட்டினாள். கட்டை விரலுக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு. பேனாவால் வரைந்தது அல்ல.

டீச்சர் அழுகையை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். முறிப்பதற்கு வாகாகத்தான் நீண்டிருந்தது.

"நீங்களா!" என்றாள் கடைசியில். "நீங்க எதுக்குங்க இங்க வந்து வேலை கேக்கணும்? உங்க ஸ்கூல்ல உங்களைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடணுமே!"

பெண்மணி மூடியை அவள் கையில் வைத்தாள்.

"எங்க ஸ்கூல்லயும் இப்ப அந்தக் கைதான் பாடம் நடத்துது, டீச்சர்."