வலிக்காத வீக்கம்

இராமலட்சுமியின் வீங்கிய கன்னத்தில் விரலை வைத்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன் வேல்சாமி அந்த விரலையே பார்த்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மதுரை ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்விதான் அவன் மானத்தைக் காப்பாற்றியது.

அதுவரை வாலிநோக்கம் ஊரே அவனைக் கரித்துக் கொட்டியது. அவளுக்குத் திடீரென்று உதடு தடிக்கும், கன்னம் பன் மாதிரி உப்பும், கண் மூடிக்கொள்ளும். பெண்டாட்டி முகம் வீங்கினால் ஊர் வேறு யாரைச் சொல்லும்? உப்பளத்தில் கூட வேலை பார்த்தவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சினன் குருநாதன் டீக்கடை வாசலில் வைத்துச் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டான். சத்தியமாக அன்றைக்கு வேல்சாமிமேல் ஒரு தப்பும் இல்லை.

டாக்டரம்மாதான் உண்மையைச் சொன்னார். அடிபட்ட வீக்கமென்றால் தொட்டதும் வலிக்கும், இது வலிக்கவில்லை. பிறவியில் இல்லாமல் நடுவில் ரத்தத்தில் வந்து சேர்ந்த கோளாறு, லட்சத்தில் ஒருத்தருக்கு வருவதே அபூர்வம், தொண்டையில் வீங்கினால் உயிர் போய்விடும் என்றார்.

ரத்தத்தில் கெட்டுப்போன அணுக்களைத் தேடிப்பிடித்து அழிக்கிற ஆன்டிபாடி மருந்தாம். வாராவாரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். குளிர் ஜுரத்தில் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. செத்தாலும் இனி இது வேண்டாம் என்று அழுதாள். ஆனால் வீக்கம் போன இடம் தெரியவில்லை. குருநாதன் ஊரே பார்க்கும்படி வந்து மன்னிப்புக் கேட்டான்.

இன்று காலையில் கன்னத்தைப் பார்த்ததும் குருநாதன்தான் பதறிப்போய்க் கார் பிடித்தான். தெருவே கூடி நின்று, பாவம் வேல்சாமி, மறுபடி இந்தச் சோதனையா என்றது. வேல்சாமி தலையைக் குனிந்தபடி காரில் ஏறினான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

வலிக்கவில்லை என்றால் மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

இராமலட்சுமியின் தலை தானாகப் பின்னால் போனது. வீங்கிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"வலிக்கல டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா விரலை எடுத்துவிட்டு, வேல்சாமியை நிமிர்ந்து பார்த்தார்.

பக்கத்தில் இருந்த குருநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மனசத் தளர விட்றாதீக மச்சான்" என்று வேல்சாமியின் வலது கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தான்.

நேற்று ராத்திரி அவளை அறைந்தது அந்தக் கைதான்.