ஆபீசுக்குச் சொன்ன பொய்

பஸ்ஸில் வந்த அந்த ஒரு போனுக்கு இவர் நான்கு முறை ‘சரிங்க’ சொன்னார்.

யார் என்று கேட்டேன். ஆபீஸ் என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.



ஆபீஸ் என்றால் எங்களை ஓசூருக்கு அனுப்பிவைத்த மிஷன் ஆபீஸ். ரிட்டயரான தம்பதிகள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகலாம் என்று சபையில் அறிவித்த அன்றைக்கே, என் வீட்டுக்காரர் ஐசக் வாத்தியார் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் அப்புறம்தான் சொன்னார்.

அந்த இரண்டு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. இவரோ இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் எங்கள் மகள் லிபியாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை, பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பூட்டிக் கிடப்பதால் மாமியார் வீட்டில் இருக்கிறாள். இவரைக் கேட்டால், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறார். கர்த்தரா வந்து லேகியம் கிண்டிக் கொடுப்பார்?

அதனால்தான் போன வாரம் இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, செயலாளர் பாஸ்கரனுக்கு நானே போன் போட்டேன். சாருக்கு அடிக்கடி நெஞ்சுவலி வருகிறது, வெளியே சொல்ல மாட்டார், எங்களை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கெஞ்சினேன்.

அறுபத்திரண்டு வயதில் முழுப் பொய். அதுவும் ஊழியத்துக்கு வந்த இடத்தில்.

இப்போது அந்தப் பாஸ்கரன் உளறிவிட்டாரா இல்லையா, அதுதான் தெரியவில்லை.

அஞ்செட்டியில் இறங்கி ரங்கம்மா வீட்டுக்கு மேடு ஏற வேண்டும். புதன்கிழமை தோறும் அங்கே ஜெபம். பாதி மேட்டில் இவர் நின்றார். புளியமரத்தில் ஏதோ குருவி என்று காட்டினார். எனக்கு ஒரு குருவியும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போனதும் செருப்பு வாரைச் சரிசெய்கிறேன் என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

நானே கேட்டுவிடலாமா, அவராகச் சொல்லட்டுமா என்று இங்கே நான் தவிக்கிறேன். இந்த மனுஷன் ஆற அமரக் குருவி பார்க்கிறார். எரிச்சலாக வந்தது. விறுவிறுவென்று நான் முன்னால் ஏறிவிட்டேன்.

ரங்கம்மா பாய் விரித்து வைத்திருந்தாள். எந்த வீட்டிலும் முதலில் என்ன வேண்டுதல் என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டுதான் இவர் ஜெபத்தைத் தொடங்குவார்.

“எம்பையன் சந்தோசு கம்பெனில பெர்மனென்ட் ஆவணுங்கய்யா. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அடுத்த வருசமும் இங்கியே இருக்கணும். அதயும் எழுதிக்கோங்க” என்றாள்.

அட கடவுளே! இவரும் எழுதிக்கொண்டார்.

கண்ணை மூடினோம். சந்தோஷின் வேலை, ரங்கம்மாவின் முழங்கால், சினையாக இருக்கும் பசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர், அடுத்த வருஷத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொல்லாத மனுஷன் இவர். எல்லாம் ஜெபத்தில்தான் வெளியே வரும். லிபியாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்ததே எனக்கு ஒரு காலை ஜெபத்தில்தான் தெரியும். ஜெபம் ஓடும்போது நடுவில் மறித்து ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது.

“ஆண்டவரே, எனக்கு நெஞ்சுவலி என்று என் மனைவி சீலி ஆபீசுக்குச் சொல்லியிருக்கிறாள்.”

ஐயோ, மானம் போயிற்று. அடுத்தவர் வீட்டில் வைத்தா இதைச் சொல்ல வேண்டும்? அந்தப் பாஸ்கரன் நன்றாக இருப்பாரா?

“பொய் சொல்லிவிட்டோமே என்று ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை. அதை அவள் கணக்கில் வைக்காதேயும். அவள் சொன்னது பொய் இல்லை, ஆண்டவரே. இரண்டு மாதமாக மேடு ஏறினால் எனக்கு நெஞ்சைப் பிடிக்கிறது. சொன்னால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நான்தான் மறைத்துவிட்டேன்.”

“ஸ்தோத்திரம்” என்றாள் ரங்கம்மா. ஜெபத்தில் இடைவெளி விழுந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

கோபம், வெட்கம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். காற்றோட்டமான அந்தக் கூடத்தில் இவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக இவர் ஜெபத்தை நடுவில் மறித்தேன்.

“ஏங்க, இப்ப வலிக்கா?”

கண்ணைத் திறக்காமலேயே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.