எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு

"கீழ பெட்ரோல் சொட்டியிருக்கு, பாத்தீயளா?"

ஜெபசுதா இதை முதன்முதலில் சொன்னது ஈஸ்டருக்கு முன்பா பின்பா என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை. அந்தத் தெருவில் கேட்டாலும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். காலை நேரம் என்பது மட்டும் நிச்சயம். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் கிருபாநிதி தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பிரிவு என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தார். ஓட்டவும் முறையாகப் படித்திருந்தார். பறக்க அனுமதியும் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவரின் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். இத்தனை வருட ஆசையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஒழுகினால் தெரியட்டும் என்று எஞ்சினுக்கு அடியில் அவர் வைத்திருந்த எவர்சில்வர் தட்டில் சில துளிகள் கிடந்தன. கிருபாநிதி குனிந்து பார்த்தார். ஒரு துளியைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார். பிறகு, பறப்பதைத் தள்ளிவைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் சாத்தான்குளத்திலிருந்து எஸ்றா வந்தார். ஜெபசுதாவின் அண்ணன். விமானம் பழுதுபார்க்கும் வேலையிலேயே தலை நரைத்தவர். டேங்கிலிருந்து எஞ்சின் வரை குழாயை டார்ச் அடித்துத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் சைலன்சரை ஒட்டிப் போயிருந்தது. தரையில் ஓட்டிப்பார்த்த சூட்டுக்கே அதன் மேல்தோல் கருகத் தொடங்கியிருந்தது.

"எஞ்சின் நின்னுபோனாக்கூட மெதந்து வந்து எங்கனயாவது எறக்கிரலாம் மாப்ள. தீப்பிடிச்சா எங்கன எறங்குவ?"

வாசலில் நின்ற ஜெபசுதா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருவருமாகக் குழாயைச் சூடு படாத பக்கம் மாற்றி, தீ தாங்கும் உறை போட்டு, கிளிப்புகளையும் புதிதாக மாட்டினார்கள். எஸ்றா ஊருக்குப் போனார். அடுத்த காலையிலும் தட்டில் துளிகள் கிடந்தன.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. ஜெபசுதா வந்து சொல்வாள். கிருபாநிதி ஸ்பேனரோடு எஞ்சினுக்கு அடியில் படுப்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். துறைமுகத்தில் ஒரு போல்ட் லூசாக இருந்தாலே ஊரைக் கூட்டியவர், இப்போது கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டு நிதானமாகத் திருகினார். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருக்கும் மரியான் சும்மா இருக்கமாட்டான்.

"எங்க வள்ளத்துல பாதி பெட்ரோல் கடலுக்குத்தான் போவுது அண்ணாச்சி. நாங்க என்ன மேலயா போயிட்டோம்?"

"நீ போவாண்டாம்டே. நான் மேல போவணும்லா" என்றார் கிருபாநிதி, படுத்தபடியே.

பறக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. எஸ்றா மறுபடி வந்தார். மத்தியானம் அவர் மட்டும் சாப்பிட உட்கார்ந்தார். கிருபாநிதி கொட்டகையில் இருந்தார்.

ஜெபசுதா குழம்பு ஊற்றும்போது எஸ்றா சொன்னார்: "ஒழுகுததக்கூட கண்டுபிடிச்சிரலாம் ஏளா. தெனமும் கழட்டி மாட்டுதான் பாரு, அதுதான் ஆபத்து. ஒரு மரை சரியா ஏறலன்னா, ஒரு கிளிப்பு ரப்பர வெட்டிட்டுன்னா, தரையில தெரியாது. மேல போனப்பொறம்தான் தெரியும்."

அவள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள்.

தரையைப் பார்த்தபடி சொன்னாள். குழாய் ஒருநாளும் ஒழுகவில்லை. விடியும்போது மரியானின் கேனிலிருந்து சொட்டு எடுத்துத் தட்டில் விடுவது அவள்தான். கண்ணை மூடினால் அந்த விமானம் எரிந்துகொண்டே கடலில் விழுகிறது. வேறு என்ன செய்து அவரைத் தடுப்பதென்று தெரியவில்லை.

"நான் செஞ்சதுனாலயே அவுகளுக்கு ஏதாவது ஆயிருமாண்ணே? இப்பவே போயிச் சொல்லிருதேன்."

எஸ்றா சோற்றைப் பிசைந்துகொண்டே இல்லை என்று தலையாட்டினார்.

"ஒண்ணும் ஆவாது. அன்னைக்கு நாங்க மாத்துனதுக்கு அப்புறம் மாப்ள அந்தக் கொழாயத் தொடவே இல்ல. நீ டார்ச் புடிக்கும்போது அவன் கழட்டி மாட்டுததெல்லாம் வெளிய உள்ள வெறும் தகர மூடி. ஆபத்துன்னு நான் சொன்னது, உன் வாயால வரட்டும்னுதான்."

அவள் நிமிர்ந்தாள்.

"வள்ளத்துப் பெட்ரோல்ல ஆயில் கலந்திருக்கும் ஏளா. இந்த எஞ்சினுக்கு ஆயில் கலக்காம ஊத்தணும். மொத நாளே மாப்ள கையில பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. 'உங்க தங்கச்சிக்குப் பயம் விடுத வரைக்கும் ஒழுகட்டும் மச்சான், அதுவரைக்கும் நான் ரிப்பேர் பாத்துக்கிட்டு இருக்கேன்'னு அன்னைக்கே எனக்குப் போன் போட்டுட்டான்."

மறுநாள் காலை தட்டு உலர்ந்து கிடந்தது. கிருபாநிதி அந்த மாதமே கடலோரமாகக் கீழவைப்பார் வரை பறந்து, நல்லபடியாக இறங்கினார். எஸ்றா சாத்தான்குளத்தில் சுகமாக இருக்கிறார். மரியான் கடலுக்குப் போய்வருகிறான். ஜெபசுதா இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.