மூன்றாவது கிளாஸ்

“இன்னிக்காவது ஏதாச்சும் தெரியுதா மாப்ளே?”

மச்சான் காபிக் கோப்பையை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினார். அவன் வேலை பார்க்கும் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர். அவனுடைய மனைவியின் அண்ணன். தினமும் காலையில் இதே கேள்விதான்.

“இல்ல மச்சான்.”

அன்றும் எழுந்தான், குளித்தான், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கிளாஸ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துடைத்தான். மனைவி விபத்தில் போனதிலிருந்து அவனுடைய காலைகள் இவ்வளவுதான்.

ஒயினுக்கு அவன்தான் பொறுப்பு. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போன பாட்டிலை மேசைக்குப் போகுமுன் மோந்து பார்த்துத் தடுக்க வேண்டும். மூக்குதான் அவனுக்குச் சோறு போட்டது. அந்த மூக்கு இப்போது வேலை செய்யவில்லை என்று முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இன்றைக்குச் சோதனை. தேறாவிட்டால் வேலை இல்லை.

“என் தங்கச்சி போறப்ப உன் மூக்கையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டா,” என்றார் மச்சான். “ஊருக்குப் போனாக்கூட என் தலையணையைத் தூக்கிட்டுப் போற கழுதை அவ.” சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை.

முதலாளியம்மா மூன்று கிளாஸ்களில் சிவப்பு ஒயினை ஊற்றி வைத்தார்.

“மூணும் ஒரே ஒயின்தான். எந்த ஊர்ச் சரக்கு?”

நிறத்தைப் பார்த்தான். ஒரு வாய் உறிஞ்சினான். ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு மட்டும் தெரிந்தது. அது போதும்.

“பிரான்ஸ். போர்தோ. ஆத்துக்கு இடது கரை. வலது கரைன்னா பெரும்பாலும் இவ்வளவு துவர்க்காது.”

“எதோட கொடுப்பே?”

“சுட்ட ஆட்டுத் தொடை. அந்தக் கொழுப்பு இந்தத் துவர்ப்பை அடக்கிடும். நாள்பட்ட கெட்டிச் சீஸ் இருந்தாலும் சேரும். மீனோட மட்டும் வேணாம். வாயில இரும்பை நக்கின மாதிரி ஆயிடும்.”

சமையலறை வாசலில் நின்ற மச்சான், தானே பரீட்சை எழுதித் தேறியதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாடம் நல்லாத்தான் ஒப்பிக்கிறே,” என்றார் முதலாளியம்மா. “இதுல ஒண்ணு கெட்டுப்போன பாட்டில். எது?”

ஒவ்வொன்றாக மோந்தான். மூன்றிலும் வெறும் காற்று.

“ரெண்டாவது,” என்றான் குருட்டாம்போக்கில்.

“மூணாவது. நனைஞ்ச அட்டைப்பெட்டி கணக்கா நாறுது. ஊத்தறப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.”

மச்சான் குறுக்கே பாய்ந்தார். “அம்மா, பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கறான். துக்கத்துல அடைச்சுக்கிட்ட மூக்கு, திரும்பி வரும். அதுவரைக்கும் நான் மோந்து சொல்றேன். இவனை அனுப்பினா நானும் ஏப்ரனைக் கழட்டிடறேன்.”

முதலாளியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கியது.

“துக்கத்துல இருக்கறவனை வெளியே தள்ளற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. இருக்கட்டும்.”

வேலை தப்பியது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சமையலறைக்குள் வந்ததும் மச்சான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்குக் காலைல, கடைசியா அவ என்ன சொன்னா மாப்ளே?”

“உங்களைப் பத்திதான் பேசினா மச்சான். மறுநாள் சாப்பிடக் கூப்பிடணும்னு சொன்னா.”

அவ்வளவு பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. விபத்துக்கு ஒரு வாரம் முன்பே காய்ச்சலில் அவன் மூக்கு போயிருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவளிடம்கூட வாய் திறக்கவில்லை. அன்று காலை, புது சிலிண்டர் மாட்டியிருக்கிறேன், எனக்கு ஜலதோஷம், கேஸ் கசிகிறதா பாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். ஒயினை மோப்பதுபோல் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். ஒன்றுமில்லை என்றான். அவன் ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலிருந்து அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“உங்க மூக்கே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன? நீங்க கிளம்புங்க, நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன்.”